கேளுங்க, சொல்றோம்: பீரோ மேல டைனோசர் முட்டை

போன இதழ்ல குஜராத் ராயோலில டைனோசர் எலும்பும் முட்டையும் கிடைச்ச இடத்தப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தோம், அதுக்கு இவ்ளோ லெட்டரும் மெயிலும் வரும்னு யாரும் எதிர்பாக்கல. பாதிப் பேர் கேட்டது எது பெருசு, எதுக்கு பல்லு அதிகம், எது எதக் கடிச்சா யாரு ஜெயிப்பாங்க, இதான். அதுல ஒண்ணு மட்டும் எடுத்துக்கிட்டேன், ஏன்னா எலும்பு சைஸ விட சாணி, முட்ட ஓடு, மீன் செவுளுன்னு சின்னச் சின்ன சமாச்சாரத்துல தான் அந்தக் காலத்து வாழ்க்க இருக்குன்னு எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த பிடிவாதம் கீழ பல எடத்துல தெரியும், பொறுத்துக்குங்க.

எங்க ஊரு பெரம்பலூர் பக்கம். ஏரி தூர் வாரும்போது உருண்டை உருண்டையா கல்லு வந்துச்சு. பையன் டைனோசர் முட்டைன்னு சொல்லி ரெண்டத் தூக்கிட்டு வந்து பீரோ மேல வெச்சிருக்கான். உண்மையா இருக்குமா? (பெரம்பலூர் மாவட்டத்து வாசகி)

அம்மா, முட்டையா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆனா தூக்கி வீசிடாதீங்க. 2020ல குன்னம் பக்கம் இதே கதை நடந்துச்சு, உருண்டைக் கல்லு வந்த உடனே டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப் பூரா ஓடுச்சு, அப்பறம் ஜியாலஜி படிச்சவங்க பாத்துட்டு இது முட்டையே இல்ல, கடலடிச் சேறு அம்மோனைட்னு சொல்ற அந்தக் காலத்துக் கடல் ஜீவன் மாதிரி பிராணிகளச் சுத்தி இறுகிப்போன உருண்டைன்னு சொன்னாங்க. எப்படின்னா, செத்த பிராணி ஒண்ணு சேத்துல புதையுது, அது அழுகும்போது சுத்தி உள்ள தண்ணியோட ரசாயனம் மாறுது, சுண்ணாம்பு அத நடுவுல வெச்சு படிஞ்சு படிஞ்சு கெட்டியாகுது. அதனால உங்க பையன் வெச்சிருக்கற கல்லுக்குள்ள ஒரு கடல் ஜீவன் இருந்தாலும் இருக்கலாம். டைனோசர் நெலத்துல முட்ட போட்டது, உங்க பக்கம் பெரும்பாலும் அப்ப கடலு, அதான் பிரச்சன.

நெஜ முட்டைய எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னா உருண்டையா இருக்கான்னு பாத்து இல்ல, ஓட்ட வெச்சு தான். ஓட்டத் துண்டு போட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்தா கால்சைட் படிகம் வரிசையா எழுந்து நிக்கிறது தெரியும், நடுவுல குஞ்சு மூச்சு விட பொடிப்பொடியா ஓட்டை இருக்கும். இது ரெண்டும் இல்லன்னா அது கல்லு, அவ்ளோதான். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துல இப்படி ஓட்டப் பாத்துப் பாத்து தான் 92 கூட்டுல 256 முட்டைன்னு கணக்கெடுத்து 2023ல வெளியிட்டாங்க, எல்லாம் டைட்டனோசார்னு சொல்ற நீளக்கழுத்து வகையோடது. ஒவ்வொண்ணும் 15, 17 சென்டிமீட்டர் குறுக்களவு தான். அம்மாம்பெரிய மிருகத்துக்கு இவ்ளோண்டு முட்டையான்னு தோணும். அதுல ஒண்ணு முட்டைக்குள்ள முட்டையா இருந்துச்சு, கோழில எப்பவாச்சும் வரும்ல, அதே கோளாறு. முட்ட வெளிய வர்றதுக்குப் பதிலா திரும்ப உள்ள போயி அது மேல இன்னொரு ஓடு கட்டிக்கும். பறவைல தான் இது தெரிஞ்ச விஷயம், ஆமை பாம்புல இப்படிப் பாத்ததில்ல, அப்ப டைட்டனோசாரோட வயித்துக்குள்ள ஏற்பாடு பறவைக்குக் கிட்டக்கயோன்னு ஒரு பேச்சு இதால தான் கெளம்புச்சு. ஒரு உடைஞ்ச முட்டைலருந்து எவ்ளோ தெரியுது பாருங்க.

அரியலூர்ல கிடைச்சது தான் உலகத்துலயே பெரிய டைனோசர்னு ஒரு வீடியோ பாத்தேன். அப்படின்னா அத ஏன் எந்த மியூசியத்துலயும் வெக்கல? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, வெக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. கல்லமேடு கிராமத்துப் பக்கம் கிடைச்ச எலும்ப வெச்சு யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு ஜியாலஜிஸ்ட்டுங்க 1980கள்ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க. மொதல்ல கறி திங்கிற வகைன்னு எழுதுனாங்க, பின்னாடி வந்தவங்க இல்ல இது இல தழ திங்கிற நீளக்கழுத்து வகைன்னு மாத்துனாங்க. முழங்காலுக்குக் கீழ உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்னா யோசிச்சுக்குங்க, அர்ஜென்டினாவோட பேர்போன அர்ஜென்டினோசாரஸுக்கே அது ஒன்றரை மீட்டர் சொச்சம் தான். 2023ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு 110லருந்து 130 டன் வரைக்கும் இருக்கலாம்னு சொன்னாங்க, கிட்டத்தட்ட நீலத்திமிங்கலத்துக்குப் பக்கம். ஆனா அந்த எலும்பு ஏற்கெனவே உளுத்துப் போயி இருந்துச்சு, நம்ம ஊரு மழ, களிமண்ணு, எடுத்தப்பவே பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சு கடைசில ஒண்ணுமே இல்லாம போயிடுச்சு. மிஞ்சுனது படமும் ஃபோட்டோவும் தான், அந்த பழைய ஃபோட்டோங்க 2022ல வெளிய வந்த பெறகு தான் எலும்பா, மரம் கல்லாப்போன கல்மரமான்னு சந்தேகப்பட்டவங்க வாய் கொஞ்சம் அடங்குச்சு. அதனால 'உலகத்துலயே பெருசு'ன்னு நெஞ்ச நிமித்தி சொல்ல முடியாது, இல்லன்னும் தள்ள முடியாது. சாட்சியே இல்லாத கேஸு.

எலும்பு காணாம போறது இந்தியாவுல புதுசும் இல்ல. 1828ல ஜபல்பூர்ல ஸ்லீமன்னு ஒரு வெள்ளக்கார கேப்டன் வாலெலும்பு கண்டெடுத்தாரு, டைனோசர்ங்கற பேரயே ரிச்சர்ட் ஓவன் 1842ல தான் வெக்கிறாரு, அதுக்கு 14 வருஷம் முன்னாடி. லைடெக்கர் அதுக்கு 1877ல டைட்டனோசாரஸ் இண்டிகஸ்னு பேர் கொடுத்தாரு. அப்பறம் அந்த எலும்பு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாம போயி, 2012ல கொல்கத்தாவுல ஜியாலஜிக்கல் சர்வே ஆபீஸ்லயே அதுல ஒண்ணு அகப்பட்டுச்சு. எத்தன வருஷம் அதே கட்டடத்துல தூங்குச்சோ.

டைனோசர் சாணி கூட கல்லாயிருக்குதாமே? அதப் போயி ஆராய்ச்சி பண்றாங்களா சார்? கேக்கவே சிரிப்பா இருக்கு. (வாசகர், தஞ்சாவூர்)

சிரிங்க சார், ஆனா நீங்க தஞ்சாவூர்க்காரர், இந்தப் பதில முழுசாப் படிச்சே ஆகணும்.

மகாராஷ்டிரா சந்திரபூர் மாவட்டத்துல பிஸ்துரான்னு ஒரு ஊரு. அங்க வயல்ல கல்லாப்போன சாணி நெறைய கெடக்கும், பக்கத்துலயே டைட்டனோசார் எலும்பும் கெடைக்கறதால அதோடதுன்னு எடுத்துக்கறாங்க. லக்னோ பீர்பால் சாஹ்னி இன்ஸ்டிடியூட்ல வந்தனா பிரசாத்தும் அவங்களோட இருந்தவங்களும் என்னத்தத் தின்னுச்சுன்னு பாக்க அதக் கரைச்சு வடிகட்டி மைக்ரோஸ்கோப்புக்கு அடில வெச்சாங்க. புல்லுலயும் செடிலயும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகளு இருக்கும், கரும்புச் சோகை கைய அறுக்குதுன்னா அதுக்கும் அந்த சிலிக்கா ஒரு காரணம். எல அழுகிப் போனாலும் இந்தத் துகள் அழுகாது, ஒவ்வொரு செடிக்கும் ஒரு வடிவம், அந்த வடிவத்த வெச்சு என்ன செடின்னு சொல்லிடலாம். பைன் மாதிரி மரம், பனை இனம், இதெல்லாம் எதிர்பாத்தது தான். எதிர்பாக்காம வந்தது புல்லு, அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, குறைஞ்சது அஞ்சு வகை.

இதுல என்ன அதிசயம்னு கேப்பீங்க. 2005ல இது வெளிய வர்ற வரைக்கும் டைனோசர் காலத்துல புல்லே இல்லன்னு தான் புத்தகத்துல இருந்துச்சு, டைனோசர் அழிஞ்சு ரொம்ப காலம் கழிச்சு தான் புல்லு வந்துச்சுன்னு நெனச்சிட்டிருந்தாங்க. ஓவியர்கள் கூட டைனோசர் படம் வரையும்போது காலடில புல்லு போடாம ஜாக்கிரதையா பெரணியும் பாசியும் தான் வரைவாங்க. ஒரு சாணிக் கட்டி அத்தன படத்தயும் மாத்திடுச்சு. அதே காலத்துப் பாறைல எலி சைஸு பாலூட்டி ஒண்ணுக்கு இவ்ளோ உசரமான கடவாப்பல்லு எதுக்குன்னு ஒரு பழைய புதிர் இருந்துச்சு, மணலு மாதிரி சிலிக்கா உள்ளத அரைச்சுத் தின்னா தான் பல்லு தேயும், தேயறதுக்கு ஈடு கட்ட உசரமா வேணும், அப்ப அது புல்லு தின்னிருக்கலாம்னு அதுக்கும் வழி பொறந்துச்சு.

இனிமே தான் உங்க ஊரு சமாச்சாரம். 2011ல அதே குழு இன்னும் நுணுக்கமா பாத்து, அதுல நெல்லு வம்சத்துக்குச் சொந்தமான புல்லு இருக்குன்னு எழுதுனாங்க. நெல்லே இல்ல, நெல்லோட பங்காளி. அதாவது 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த மண்ணுல டைட்டனோசார் நெல்லு சொந்தத்த மேஞ்சிட்டு போயிருக்கு. பெருசா புல்லே தின்னு வாழல, கெடச்சத எல்லாம் சேத்து வாரிப் போட்டிருக்கு, அதுல புல்லும் ஒரு பங்கு, அவ்ளோ தான். எனக்கு ப்ருஹத்காயோசாரஸோட 2 மீட்டர் எலும்ப விட இது தான் பெருசு.

6 கோடி, 7 கோடின்னு அடிச்சு விடறாங்களே, கார்பன் டேட்டிங்க வெச்சா கண்டுபிடிக்கிறாங்க? (வாசகர், சேலம்)

இல்லங்க, கார்பன் இங்க வேலைக்கு ஆகாது. அதுல அளக்கற கார்பன் 14 வருஷம் 5730 ஆனா பாதியாகும், 50 ஆயிரம் வருஷம் தாண்டுனா அளக்க ஒண்ணும் மிஞ்சாது. டைனோசருக்கு எரிமலை சாம்பலும் லாவாவும் தான் கடிகாரம். சாம்பல்ல ஜிர்கான்னு ஒரு படிகம் இருக்கும், அதுக்குள்ள யுரேனியம், அது மெதுவா ஈயமா மாறும், யுரேனியம் 238 பாதியாக 447 கோடி வருஷம் ஆகும்னா எவ்ளோ மெதுவுன்னு பாத்துக்குங்க. ஈயம் எவ்ளோ, யுரேனியம் எவ்ளோன்னு அளந்தா வயசு வந்துடும். எலும்புக்கு மேல உள்ள அடுக்கும் கீழ உள்ள அடுக்கும் எந்த வயசோ, எலும்பு அதுக்கு நடுவுல.

சென்னைல, மதுரைல எல்லாம் ஏன் டைனோசர் கிடைக்கல? (எட்டாம் வகுப்பு மாணவி, சென்னை)
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் டைனோசர் ஒண்டும் இருக்கேல்லையோ? (வாசகர், யாழ்ப்பாணம்)

ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிடறேன். பல்லாவரம் மலைல ஏறி நின்னீங்கன்னா காலுக்குக் கீழ உள்ள பாறைக்கு சுமார் 250 கோடி வயசு, டைனோசர் வந்ததே 23 கோடி வருஷம் முன்னாடி தான், அப்ப அந்தப் பாறைல எப்படி இருக்கும். தமிழ்நாட்டுல முக்காவாசி இப்படிப் பட்ட பழைய பாறை, பூமிக்கு ஆழத்துல வெந்து அழுந்தி உருவானது, அதுல எலும்பு தங்காது. எலும்பு கல்லாகணும்னா செத்த உடனே சேறோ மணலோ வந்து மூடணும், அப்பறம் அது அடுக்கடுக்கா படிஞ்சு பாறையாகணும். அந்த மாதிரி சரியான வயசுல படிஞ்ச பாறை திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கம் தான் நல்லா இருக்கு, அதுலயும் பெரும்பாலும் கடல்ல படிஞ்சது. அங்க சிமெண்டு கம்பெனிங்க வரிசையா நிக்கிறதுக்கும் அந்தக் கடல்ல படிஞ்ச சுண்ணாம்புக்கல்லு தான் காரணம். பாப்பா, லீவுல அப்பா அம்மாவ கூட்டிட்டு பெரம்பலூர் பக்கத்து சாத்தனூர் போ, 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கு, எம்.எஸ்.கிருஷ்ணன்னு நம்ம தஞ்சாவூர் பக்கத்து ஜியாலஜிஸ்ட் 1940ல கண்டுபிடிச்சது. டைனோசர் நடமாடுன காலத்து மரம் அது. திருவக்கரைலயும் கல்மரம் இருக்கு, ஆனா அதுக்கு வயசு 2 கோடி தான், டைனோசர் எல்லாம் போயி ரொம்ப நாள் கழிச்சு.

யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு: உங்க பக்கத்து சுண்ணாம்புக்கல்லு மயோசீன் காலத்தது, 2.3 கோடி வருஷத்துக்கு இந்தப் பக்கம், அப்ப டைனோசர் இல்ல. ஆனா புத்தளம் பக்கம் தப்போவங்கற எடத்துல ஜுராசிக் பாறை இருக்கு, இல, பெரணி அச்செல்லாம் அதுல பதிஞ்சிருக்கு. அங்க மேஞ்சது யாருன்னு தேட வேண்டிய எடம் அது தான்.

டைனோசர் குட்டிய அம்மா பாத்துக்குமா? (ஆறாம் வகுப்பு மாணவன், கோயம்புத்தூர்)

சில வகை அடைகாத்துச்சு கண்ணா. ஆனா நம்ம ஊரு டைட்டனோசார் பாத்துக்கிட்ட மாதிரி தெரியல. தார் மாவட்டத்துல கூடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கமா இருக்கு, அம்மா உள்ள நடந்தா முட்டைய மிதிச்சிடும், அதனால போட்டு மூடிட்டு போயிருக்கும்னு நெனைக்கிறாங்க. யாரு வந்தாங்க தெரியுமா? பாம்பு. குஜராத்துல 1980கள்ல தனஞ்சய் மொஹாபேன்னு ஒரு ஜியாலஜிஸ்ட் ஒரு கல்லு எடுத்தாரு, முட்டையும் குட்டி எலும்பும்னு தான் மொதல்ல நெனச்சாங்க. 2001ல ஜெஃப்ரி வில்சன்னு அமெரிக்காக்காரர் பாத்துட்டு, இது குட்டியோட முதுகெலும்பு இல்ல, பாம்போடதுன்னு சொன்னாரு. மூணரை மீட்டர் பாம்பு, ஒடஞ்ச முட்டையச் சுத்திச் சுருண்டு கெடக்கு, பக்கத்துல அரை மீட்டர் நீளத்துல அப்பத்தான் பொறந்த டைட்டனோசார் குட்டி. மண்ணு சரிஞ்சோ வெள்ளம் வந்தோ எல்லாத்தையும் அந்த நிமிஷத்துலயே மூடிடுச்சு. 2010ல சனாஜேன்னு பேர் வெச்சு எழுதுனாங்க. அந்தப் பாம்புக்கு இன்னிக்கு மலைப்பாம்பு மாதிரி வாய அகலமா பொளக்க வராது, முழு முட்டைய முழுங்க முடியாது, அதான் குட்டி வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கு.

படத்துல டைனோசருக்கு போடற கலரெல்லாம் கற்பனை தானே? (வாசகி, ஈரோடு)

நெறைய கற்பனை தான், எல்லாமே இல்ல. சீனாவுல லியாவ்னிங்ல கிடைச்ச சைனோசாரோப்டெரிக்ஸ்ங்கற டைனோசருக்கு மேல பஞ்சு மாதிரி இறகு இருந்துச்சு, அதுல நிறம் கொடுக்கற நுண்பைங்க கல்லுலயே பதிஞ்சிருந்துச்சு, அதோட வடிவத்த பறவை இறகோட ஒப்பிட்டு, வாலுல செம்பழுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையா இருந்திருக்கும்னு 2010ல சொன்னாங்க. மத்தபடி சினிமால வர்ற பச்சை, சாம்பலு, அதெல்லாம் அவங்க இஷ்டம்.

கொசுவுலருந்து ரத்தம் எடுத்து டைனோசர திரும்பக் கொண்டுவர முடியுமா? (பலர்)

முடியாது. செத்த எலும்புல டிஎன்ஏ 521 வருஷத்துக்கு ஒரு தடவ பாதியாகுதுன்னு நியூசிலாந்து மோவா பறவை எலும்ப வெச்சு 2012ல கணக்குப் போட்டாங்க. குளிருல கொஞ்சம் கூட தாங்கும், கிரீன்லாந்துல 20 லட்சம் வருஷத்துப் பழைய டிஎன்ஏ 2022ல கிடைச்சுது. 6.6 கோடி எங்க, 20 லட்சம் எங்க.

டைனோசர அழிச்சது மெக்சிகோ விண்கல்லா, நம்ம தக்காண எரிமலையா? (வாசகர், புதுச்சேரி)

இந்தச் சண்டை 40 வருஷமா நடக்குது சார். 1980ல லூயி ஆல்வரெஸும் அவரு பையன் வால்டரும் இத்தாலிப் பாறைல ஒரு மெல்லிசு களிமண் அடுக்குல இரிடியம் அதிகமா இருக்குன்னு காட்டுனாங்க, பூமி மேல்பரப்புல அரிதா இருக்கற உலோகம், விண்கல்லுல தான் அதிகம். பின்னாடி மெக்சிகோ யுகடான்ல 180 கிலோமீட்டர் அகலத்துக்கு பள்ளமும் ஒத்துக்கிச்சு. நம்ம பக்கம் அதே காலத்துல தக்காணம் பொங்கிட்டிருந்துச்சு, மகாபலேஷ்வர்ல படி படியா தெரியற கறுப்புப் பாறை எல்லாம் அந்த லாவா தான், இன்னிக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கெடக்கு.

என் கட்சி விண்கல்லு. காரணம் நம்ம ஊருலயே இருக்கு. கட்ச்ல அஞ்சார்ங்கற எடத்துல லாவா அடுக்குக்கும் லாவா அடுக்குக்கும் நடுவுல படிஞ்ச மண்ணுல டைனோசர் எலும்பும் முட்ட ஓடும் கிடைச்சிருக்கு. லாவா ஒரு தடவ ஓடுன பெறகும் திரும்பி வந்து முட்ட போட்டிருக்கு, அப்ப எரிமலை பக்கத்துலயே வாழ முடிஞ்சிருக்கு. எரிமலைக்குப் பங்கே இல்லன்னு சொல்லல, காத்தக் கெடுத்து ஏற்கெனவே நோஞ்சானாக்கி இருக்கும்னு வாதாடறவங்களும் இருக்காங்க. ஆனா அடி விழுந்தது வெளிய இருந்து தான். அமெரிக்கா வட டகோட்டாவுல அந்த மோதலப்ப செத்த மீனுங்களோட செவுள்ல உருகித் தெறிச்ச கண்ணாடி மணி சிக்கியிருக்கு, அந்த மீன் எலும்போட வளர்ச்சி வரிய பாத்து வடக்குப் பக்கம் அப்ப வசந்த காலம்னு 2022ல சொன்னாங்க. எந்த வருஷம்னு சொல்ல முடியாது, எந்த சீசன்னு சொல்லிட்டாங்க.

கடோத்கஜன் எலும்புக்கூடு கிடைச்சதா ஃபோட்டோ வந்துச்சு, அனுப்பியிருக்கேன். (வாசகர், திருநெல்வேலி)

அது 2002ல ஃபோட்டோவ ஒட்டி வெட்டுற போட்டிக்கு ஒருத்தர் பண்ணது. அடில இருக்கறது நியூயார்க் மாநிலத்துல யானைக்குச் சொந்தக்கார மிருகமான மாஸ்டடானோட எலும்பத் தோண்டுன எடம், அதுல மனுஷ எலும்புக்கூட வெச்சிருக்காங்க. 20 வருஷமா சுத்துது, உங்க குரூப்ல இருந்து டெலிட் பண்ணிடுங்க.

எங்க வீட்டுப் பூஜைல தாத்தா காலத்து சாளக்கிராமம் இருக்கு. அதுவும் ஃபாசில்னு மருமகன் சொல்றார். நெஜமா? (ஸ்ரீரங்கத்து வாசகி)

மருமகன் சொன்னது சரி தாம்மா. நேபாளத்துல கண்டகி ஆத்துல வர்ற கறுப்புக் கல்லு, உள்ள சக்கரமா சுழிச்சிருக்கறது அம்மோனைட், டைனோசர் காலத்துக் கடல்ல நீந்துன ஜீவன், கணவாய்க்கு தூரத்துச் சொந்தம். இமயமல வர்றதுக்கு முன்னாடி அங்க டெதிஸ்னு கடலு, இந்தியா போயி மோதுனதுல கடலடியே மேல வந்து மலையாச்சு, அதான் அவ்ளோ உசரத்துல கடல் ஜீவன். டைனோசர் அழிஞ்ச அதே சமயத்துல அம்மோனைட்டும் பூண்டோட போயிடுச்சு. நீங்க பாட்டுக்கு துளசி வெச்சு கும்பிடுங்க, அதுக்கும் ஜியாலஜிக்கும் ஒரு தகராறும் இல்ல. தார் பக்கம் ஒரு கிராமத்துல குலதெய்வமா கும்பிட்ட உருண்டைக் கல்லுங்க டைட்டனோசார் முட்டைன்னு 2023 கடைசில செய்தி வந்துச்சு. கும்பிட்டதால தான் அது ஒடயாம இருந்துச்சுன்னு நான் சொல்வேன்.

ஃபாசில் மாதிரி ஏதாச்சும் கண்ணுல பட்டா என்ன பண்ணணும்? (பெரம்பலூர் வாசகியோட பையன், அதே கவர்ல தனிச் சீட்டு)

தம்பி, மொதல்ல ஒடைச்சுப் பாக்காத. இருக்கற எடத்துலயே பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடு, எந்த ஏரி, எந்தக் கரை, எவ்ளோ ஆழம்னு எழுதி வை, ஃபோன்ல லொகேஷன் போடு. எடம் தெரியாத ஃபாசிலுக்கு பாதி மதிப்பு கூட இல்ல, எந்த அடுக்குலருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா தான் வயசு சொல்ல முடியும். அப்பறம் அரியலூர் வாரணவாசி ஃபாசில் மியூசியத்துல போயி காட்டு. பீரோ மேல இருக்கற ரெண்டையும் எங்க எடுத்தன்னு மறக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதி அது அடில வெச்சிடு.